முசே தெவெனேயின் மூக்கு

முதலில் ரொட்டியை நிமிர்த்தி வைப்பார். கூடையில் ஒரு துண்டு குப்புறக் கிடந்தாலும் முசே தெவெனேக்குக் கை பொறுக்காது. "குப்புறக் கெடக்கிறது தலை வெட்டுறவன் பங்கு. அவன் வந்து எடுத்துக்கிட்டுப் போனான்னா நம்ம தலையையும் பாத்து வச்சிட்டுப் போவான்" என்பார். பிறகு கைத்துணியை உதறிச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொள்வார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் நீட்டுவார். மதாம் ஒதீல் அதை வாங்கித் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். ஒயினை முகர்வதற்குக் கண் கூடாது என்பது முசேயின் கட்சி. "கண்ணு நிறத்தப் பாக்கும், பாட்டில்ல ஒட்டின காகிதத்தப் படிக்கும், உடனே மூக்குக்கு ஓதிக் குடுத்துரும். எனக்கு யாரும் ஓதாத மூக்கு வேணும்."

புதன்கிழமை, மாலை ஏழரை, ஜன்னலோர மேசை. சமையற்கட்டுக் கதவிலிருந்து அதுதான் ரொம்பத் தூரம். லியோன் நகரத்தில் சோன் ஆற்றுக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கிறது எங்கள் 'மூன்று வாத்து'. பன்னிரண்டு மேசை, சிவப்புக் கட்டம் போட்ட துணி, சுவரில் எண்ணெய் ஏறிய பழைய விலைப்பலகை. சமைப்பவளும் முதலாளியும் ஒருத்தியே, கிஸ்லேன். நான் இங்கே தட்டு தூக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என் பெயர் லூர்து. முதல் நாள் அதைக் கேட்டதும் முசே தெவெனே என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாதா கோயில் தண்ணிக்குப் பேர் போன ஊரோட பேர வச்சிக்கிட்டு ஒயின் ஊத்த வந்திருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?" என்றார். அந்த நகைச்சுவையை அதன்பின் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். ஆயிரம் தடவையும் நான் சிரித்திருக்கிறேன். புதுச்சேரியில் பெரியவர்களை முசே என்று கூப்பிட்டுப் பழகிய வாய் எனக்கு. இங்கே வந்தும் அதை மாற்றவில்லை. முசே என்று நான் இழுத்துச் சொல்வது அவருக்குப் பிடிக்கும்.

அவர் பார்த்த தொழில் தரகு. திராட்சை விளைவிக்கும் குடியானவனுக்கும் நகரத்து வியாபாரிக்கும் நடுவில் நிற்பவர். இரண்டு பக்கமும் அவர் பேச்சை நம்பியதில்லை, மூக்கைத்தான் நம்பினார்கள். நாற்பது வருடம் மலைச்சரிவுக் கிராமங்களில் நிலவறை நிலவறையாக இறங்கி ஏறியிருக்கிறார். கோட்டின் இடது பையில் ஒரு வெள்ளிக் கிண்ணம், வலது பையில் வாய் குறுகிய மாதிரிப் புட்டி. ஒருமுறை ஒரு நிலவறையில் படியில் இறங்கும்போதே நின்று, "மூணாவது பீப்பாய்க்கு அடியில எலி செத்துக் கெடக்குது" என்றாராம். குடியானவன் சண்டைக்கு வந்துவிட்டான். பீப்பாயை உருட்டிப் பார்த்தால் எலி. நாலாவது பீப்பாய் என்றும் ஒரு கதை உண்டு. எலி மட்டும் மாறாது.

மதாம் ஒதீல் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். உயரம், நரைத்த கூந்தலை ஒட்ட வெட்டியிருப்பார், மருந்து காரணமாக ஒயின் தொடமாட்டார், தண்ணீர்தான். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் ஒருநாளும் வாசனைத் திரவியம் பூசியதில்லை. வீட்டில் வாசனைச் சோப்புகூடக் கிடையாது. "இவர் வேலைக்குப் போறப்ப என்னோட வாசனை கூடப் போகக்கூடாதாம்" என்று ஒருமுறை சொன்னார். சலிப்பாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து மேசையில் யாராவது வாசனை பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் முசே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "பூக்கடையில சாப்பிடணும்னா கல்லறைக்கே போயிருப்பேனே" என்பார், அந்த அம்மாள் காதில் விழும்படி.

இரண்டு வருடத்துக்கு முன் மறதி தொடங்கியது. விற்றுவிட்ட காரைச் சந்து முழுக்கத் தேடினார். கிஸ்லேனை அவள் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கீரையும் வறுத்த பன்றிக்கொழுப்பும் அவித்த முட்டையும் சாப்பிட்டு முடித்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "இன்னிக்குக் கீரை கெடையாதா?" என்று கேட்டார். நான் இன்னொரு தட்டு கொண்டுவந்தேன். அதையும் ரசித்துச் சாப்பிட்டார். வயிற்றுக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கும் போல, அன்றைக்குக் கோழியில் பாதியை விட்டுவிட்டார்.

மூக்கை மறதி தொடவில்லை. மகள் பெயருக்குத் திணறுகிறவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்துக்குள் மூக்கை நுழைத்து, "அறுவடைக்கு முந்தின வாரம் மழை பிடிச்ச வருஷம்" என்பார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் சரியாக இருக்கும். அந்த நேரத்தில் மதாம் ஒதீலின் முகத்தைப் பார்க்க வேண்டும். காணாமல்போன ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றதுபோல் இருக்கும்.

இப்போது எங்கள் சட்டத்தைச் சொல்லவேண்டும். ஒயின் கேட்டவருக்குத்தான் முதல் சொட்டு. அவர் முகர்ந்து, ஒரு வாய் ருசித்து, சரி என்று தலையை ஆட்டினால்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவோம். சில பாட்டில்களில் தக்கை கெட்டு, நனைந்த கோணியின் நாற்றம் ஒயினில் ஏறிவிடும். அப்படியிருந்தால் "தக்கை" என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும். மறுபேச்சில்லாமல் பாட்டில் உள்ளே போகும், வேறு பாட்டில் வரும். அந்த ஒரு நிமிடத்தில் அந்த மேசைக்கு அவர்தான் நீதிபதி.

போன குளிர்காலத்தில் முசே தெவெனே எல்லாப் பாட்டிலையும் "தக்கை" என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் புதன் இரண்டு பாட்டில் திரும்பியது. அடுத்த புதன் மூன்று. மூன்றையும் கிஸ்லேன் ருசித்துப் பார்த்தாள். மூன்றும் முத்து மாதிரி இருந்தன. "லூர்து, எனக்கும் அந்த மனுஷனப் பிடிக்கும். ஆனா இது சத்திரம் இல்ல" என்றாள். முசே காதில் விழாமல் மதாம் ஒதீல் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நாங்க வராம இருந்துடுறோம்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யோசனை என்னுடையதுதான். "அதே பாட்டிலக் கொண்டுபோயிட்டு, கொஞ்ச நேரங்கழிச்சு அதையே கொண்டுவரேன்" என்றேன்.

பலித்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் உள்ள ஒடுக்கில் நிற்பேன். நூறு எண்ணுவேன். பாட்டிலின் கழுத்தைத் துடைத்து, புதுக் கிண்ணத்தோடு அதையே கொண்டுபோய் ஊற்றுவேன். முசே முகர்வார், முகம் மலரும். "பாத்தியா? இது ஒயின்! அதையும் இதையும் வித்தியாசம் தெரியாம வாங்கி அடுக்குறா உங்க முதலாளி. அந்தப் பொண்ணுக்குச் சொல்லு, வாங்கறப்ப என்னைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு" என்பார். மேசையைத் தட்டுவார். அன்றைய சாப்பாடு அப்புறம் திருவிழாதான். அவருக்கு வேண்டியிருந்தது வேறு ஒயின் அல்ல. வேண்டாம் என்று சொல்ல ஒரு இடம் வேண்டியிருந்தது. சட்டையிலிருந்து சாவி வரைக்கும் அவருக்காக மற்றவர்கள் முடிவு செய்துவிட்ட காலத்தில், இந்த ஒன்றுதான் மிச்சம்.

நாற்பது புதன்கிழமைகள் இப்படி ஓடின. மதாமும் நானும், உள்ளே கிஸ்லேனும், நல்ல நாடகக் கோஷ்டியாகிவிட்டோம். பொய் என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. "ஒயின் பொய் சொல்லாது லூர்து, மனுஷன்தான் சொல்வான்" என்று அவர் சொல்லும்போதுகூட நான் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நவம்பர் நடுவில் ஒரு புதன். குளிர் நல்லபடியாக ஏறியிருந்தது, பன்னிரண்டு மேசையும் நிறைந்திருந்தன. காடியில் வேகவைத்த கோழியின் வாசம் சாப்பாட்டு அறை வரை வந்தது. ஆறாம் மேசையில் ஏதோ பிறந்தநாள். முசே தெவெனே அன்றைக்கு அபார உற்சாகத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாடாப்பா புண்ணியத் தண்ணி!" என்றார். ரொட்டியை நிமிர்த்தினார். துணியைச் செருகினார். பக்கத்து மேசைப் புதுமணத் தம்பதிக்கு எலிக் கதையைச் சொன்னார். அன்று எலி இரண்டாவது பீப்பாய்க்கு அடியில் கிடந்தது. கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். நான் ஊற்றினேன்.

"தக்கை" என்றார்.

"மன்னிச்சிருங்க முசே. வேற கொண்டாறேன்."

ஒடுக்கில் நின்று எண்ணினேன். எழுபதில் ஆறாம் மேசை ரொட்டி கேட்டது. கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அதே பாட்டிலைச் சாய்த்தேன்.

முகர்ந்தார். முகம் மலரவில்லை. கிண்ணத்தைச் சுழற்றி மறுபடி முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, விழுங்கினார். புருவம் நெருங்கியது.

"லூர்து, இதுவும்…" என்றார்.

"புது பாட்டில் முசே. இப்பத்தான் தெறந்தேன்." சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆறாம் மேசையில் பாட ஆரம்பித்திருந்தார்கள், எனக்கு அவசரம்.

அவர் மனைவியைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவ்வளவு தூரம் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கும் அர்மான். குடியேன்" என்றார் மதாம் ஒதீல்.

கிண்ணத்தை மூன்றாவது தடவை மூக்கருகே கொண்டுபோனார், பாதி வழியில் இறக்கிவிட்டார். "அப்ப மூக்கும் போயிருச்சு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, கிண்ணத்திடம் சொன்னார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "சரி, ஊத்துப்பா. நல்லாருக்குது" என்றார்.

ஊற்றினேன். இப்போது இதை எழுதும்போது என் கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. ஒரு தடவையில் முடிந்ததே என்று ஆறாம் மேசைக்கு ஓடினேன்.

கோழி வந்ததும் ஒரு கிண்ணம் ஒயினைச் சமையற்கட்டுக்கு அனுப்புவது அவர் வழக்கம். "ஆக்கினவ குடிக்காத ஒயின் எனக்குத் தொண்டையில எறங்காது" என்பார். அன்றும் மறக்காமல் அனுப்பினார். கிஸ்லேன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள்.

"இதையா அந்த மனுஷனுக்கு ஊத்தின?"

"ஏன்?"

"மோந்து பாருடா, மடையா!"

முகர்ந்தேன். நனைந்த கோணி. வெள்ளம் வடிந்த வீட்டு மூலையில் வரும் நாற்றம். புதிதாகச் சேர்ந்தவன்கூடத் தவறவிடமாட்டான். ஆரம்பத்தில் ஒரு மாதம் ஒடுக்கில் நிற்கும்போதெல்லாம் நான் பாட்டிலை முகர்ந்து பார்த்திருக்கிறேன். ஒருநாளும் பழுதில்லை. பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். கிழவர் புதனுக்குப் புதன் சொல்வதுதானே என்று.

வேறு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். முசே தெவெனே கோழியை ஒரு துண்டும் அந்த ஒயினை ஒரு வாயுமாக மாறி மாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் முகம் சுளிக்காமல் இருக்கப் பிரயாசைப்பட்டார், கசப்பு மருந்தை நல்ல பிள்ளையாகக் குடிக்கும் குழந்தை மாதிரி. மதாம் ஒதீல் என் முகத்தைப் பார்த்துவிட்டார். எழுந்து, கைக்குட்டையைக் கோட்டில் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, கோட்டு மாட்டும் இடத்துக்கு வந்தார்.

"என்ன ஆச்சு?"

"மதாம், இன்னிக்கு அவர் சொன்னது நெசம். ஒயின் கெட்டுப்போயிருக்குது. அவர் மூக்குக்கு ஒண்ணும் ஆகல. நான் போய்ச் சொல்லிடறேன்."

அந்த அம்மாள் கதவுப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னன்னு சொல்வீங்க லூர்து? வேற பாட்டில்னு சொல்லி அதையேதான் கொண்டுவந்தேன்னு சொல்வீங்களா?"

"மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"இன்னிக்கு மட்டுந்தானான்னு கேப்பார். அதெல்லாம் கேக்கத் தெரியும் அவருக்கு. போன வாரம்? அதுக்கு முந்தின வாரம்? நாப்பது புதன்கிழமை நாம மூணு பேரும் சேந்து அவரப் பைத்தியக்காரனா ஆக்கினோம்னு தெரிஞ்சா, அப்புறம் நான் எந்த மாத்திரையக் குடுத்தாலும் வாங்குவாரா? இந்த ஊர்ல அவர் நம்புறது என்னையும் உங்களையும்தான்."

"ஆனா மூக்கு போயிட்டுதுன்னு நெனைச்சிக்கிட்டு இருக்காரே, மதாம்."

"தெரியுது." பாட்டிலை விடவில்லை. "அவருக்கு மூக்கத் திருப்பிக் குடுத்தா, அவர் நம்புற நம்மள எடுத்துக்கணும். நம்மள விட்டு வச்சா மூக்கு போவுது. எதை எடுக்கறது, நீங்களே சொல்லுங்க."

உண்மை சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம் என்று ஒரு இடத்தில் போய் நிற்பேன் என்று நான் நினைத்ததில்லை. எந்தச் சூழ்ச்சியும் இல்லாமல், அன்பாகவே நடந்து வந்து அங்கே நின்றிருந்தேன். மதாம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினார். நான் பாட்டிலைத் திறக்காமலே அலமாரியில் வைத்தேன்.

செய்யக்கூடியதை மட்டும் செய்தேன். தட்டு எடுக்கும்போது கை பட்டதுபோல் அவர் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டேன். கட்டம் போட்ட துணியில் ஒயின் பரவியது. நான் சத்தமாக மன்னிப்புக் கேட்டேன். முசே தெவெனே துணியைத் தன் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போனாப் போகுது, விடுப்பா" என்றார். "நல்ல ஒயினத்தான் கொட்டிட்ட." பிறகு என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். "நல்ல ஒயின்தானே?"

"நல்ல ஒயின்தான் முசே" என்றேன்.

பாலாடைக்கட்டியோடு அவர் தண்ணீர் கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. என் பெயரை வைத்துக் கேலி செய்ய அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. அவர் தண்ணீரை மட்டும் குடித்தார். பக்கத்து மேசைத் தம்பதி கிளம்பும்போது அவரிடம் வந்து கைகொடுத்து, இவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் கிடைத்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த புதன்கிழமைக்குள் எனக்கு ஒரு முடிவு வந்திருந்தது. கிஸ்லேனிடம் சொல்லி ஒரே ஒயினில் இரண்டு பாட்டில் எடுத்து ஒடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். இன்றைக்கு அவர் "தக்கை" என்றால் நிஜமாகவே இன்னொன்று திறக்கப்படும். அதையும் வேண்டாம் என்றால் மூன்றாவது. அவர் எத்தனை தடவை வேண்டாம் என்றாலும் சரி, எல்லாம் என் சம்பளக் கணக்கில் போகட்டும் என்று சொல்லியிருந்தேன். கிஸ்லேன் சண்டை பிடிக்கவில்லை.

ஏழரைக்கு வந்தார்கள். மதாம் ஒதீலின் கோட்டை வாங்கும்போது அதன் காலரிலிருந்து வாசனை எழுந்தது. வசந்தத்தில் தெருவில் கட்டுக்கட்டாக விற்பார்களே, அந்தச் சின்ன வெள்ளைப் பூவின் வாசனை. நான் திகைத்து நின்றதை அவர் பார்த்தார்.

"அவரேதான் வாங்கிக் குடுத்தார்" என்றார் தாழ்ந்த குரலில். "சனிக்கிழமை கையப் பிடிச்சிக் கடைக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனார். 'நாப்பத்தாறு வருஷமா உன்னை வெறுஞ்சோப்போட வச்சிட்டேன் ஒதீல், இனிமே போட்டுக்க, எனக்குத்தான் ஒயின்ல நல்லது கெட்டது தெரியப்போறதில்லையே'ன்னார். போட்டுக்கலன்னா வருத்தப்படறார். என்ன பண்ணட்டும்?"

முசே தெவெனே ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். துணியைக் காலருக்குள் செருகினார். மதாம் ஒதீல் எதிரே உட்கார்ந்து, பழக்கத்தில், கண்ணாடிக்காகக் கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பிடித்து லேசாகத் தட்டிக்கொடுத்துவிட்டார். கண்ணாடி முகத்திலேயே இருந்தது.

முதல் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினேன். தக்கை எடுக்கும் திருகின் முனையை அதன் தக்கை மேல் வைத்தேன். முசே தெவெனே கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். நான் இன்னும் ஒரு சுற்றுகூடத் திருகவில்லை. அதற்குள்ளேயே, சரி என்று அவர் தலையை ஆட்டினார்.